ஓப்பின் ஹவுஸ் அண்ணை பார்த்த வீடுகள்

தொண்ணூறுகளில் ரொறன்ரோ நகரத்தில் விற்பனைக்கு வந்த வீடுகளை ஒன்றுவிடாமல் உள்ளே போய்ப் பார்த்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ஓப்பின் ஹவுஸ் அண்ணைதான். வீடு விற்கிற ஏஜன்டுகளே அவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள். இத்தனை பார்த்தும் அவர் ஒரு கதவுப்பிடிகூட வாங்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஏதாவது மாளிகை வரும் என்று காத்திருந்துவிட்டுப் பிறகு என்னைத் திட்டக்கூடாது.

அண்ணை குடியிருந்தது ஸ்காபுரோவின் டோர்செட் பார்க்கில், எங்கள் அபார்ட்மென்டின் ஓர் அறையில். பதினோராம் மாடி. எனக்கும் என் கணவர் இவருக்கும் கலியாணமான புதிது. இரண்டு அறைகளில் ஒன்றை வாடகைக்கு விட்டால்தான் மாதம் ஓடும். அந்தக் கட்டிடத்தில் அப்போது எல்லாரும் அப்படித்தான். சிலர் ஹோலின் நடுவில் திரை கட்டி அதற்கும் ஆள் பிடித்தார்கள். எங்களுக்கு வாய்த்தவர் அண்ணை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. லிஃப்டுக்குக் காத்து நிற்கிற சனத்தில் ஒருவருக்கும் அது தெரியாது.

கிழமை நாட்களில் அவர் மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டுவார். விடியமுதல் வேனில் ஏறினால், பொழுதுபட்டு வந்து சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறைக் கதவு திறக்கும்போது வெளியே வருவது வேறு ஆள். கோட்டு, சூட்டு, டை, முகத்தில் பவுடர். அந்தக் கோட்டைப் பழைய உடுப்புக் கடையில் வாங்கியிருந்தார். அதன் முதல் சொந்தக்காரர் அண்ணையைப்போல ஒன்றரை மடங்கு ஆளாக இருந்திருக்க வேண்டும். அண்ணை வாசலுக்கு வரமுதலே கோட்டின் தோள்கள் இரண்டும் வெளியே வந்துவிடும்.

"தங்கச்சி, வெளிக்கிட்டாச்சோ? ரெண்டு மணிக்குத் திறந்து நாலு மணிக்குப் பூட்டிப்போடுவாங்கள்."

விற்பனைக்கு இருக்கிற வீட்டை ஞாயிறு மத்தியானங்களில் திறந்து வைத்து, வருகிறவர் போகிறவர் எல்லாரையும் பார்க்க விடுவது இந்த ஊர் வழக்கம். கோப்பியும் பிஸ்கற்றும்கூடக் கொடுப்பார்கள். சும்மா உள்ளே விடுகிறார்கள் என்று அண்ணைக்கு யார் சொன்னார்களோ, அன்றோடு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன.

என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனார் என்று கேட்பீர்கள். என் உயரத்துக்காகத்தான். அண்ணையின் மனைவி மலரக்கா கொழும்பில், ஒரு லொட்ஜில் இருந்தபடி விசாவுக்குக் காத்திருந்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் தமக்கென்று ஒரு வீட்டில் இருந்ததில்லை. முதலில் தமக்கையின் வீடு, பிறகு சண்டைக்குப் பயந்து ஓடி ஒரு பள்ளிக்கூடம், பிறகு லொட்ஜ். அண்ணை கனடாவுக்கு வந்தும் வருடங்கள் ஓடிவிட்டன. ஒருநாள் போனில் மலரக்கா சொன்னாராம்: "கண்ணை மூடினால் நீங்கள் நிக்கிற இடம் எனக்குத் தெரியுதில்லை." அந்த ஒரு சொல் அண்ணையைப் போட்டு உலுக்கிவிட்டது. ஊரைப் பார்த்து, நல்ல வீடாகப் பார்த்து, அதைப் போனில் காட்டுவது என்று முடிவெடுத்தார்.

"மலர் உங்கடை உயரம்தான் தங்கச்சி. அச்சொட்டாய் உங்கடை உயரம். அந்தத் தட்டு எட்டுதோ எண்டு ஒருக்கால் பாருங்கோ."

அப்படித்தான் நான் ரொறன்ரோவின் பணக்காரக் குசினிகளில் எல்லாம் நுனிக்காலில் நின்று அலுமாரித் தட்டுகளை எட்டிப் பார்த்தேன். எட்டாவிட்டால் அண்ணை ஏஜன்டைப் பார்த்து மெல்லத் தலையாட்டுவார். ஏஜன்ட் என்னைப் பார்ப்பான். எனக்கு வெட்கமாக இருக்கும்.

நானும் அண்ணையும் தனியாகப் போனால் கட்டிடம் சும்மா இருக்குமா? நாங்கள் பஸ் ஏறமுதலே யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் மாமியாருக்குச் செய்தி போய்விடும். ஆகவே இவரும் வரவேண்டியிருந்தது. இவர் சனிக்கிழமை இரவெல்லாம் செக்கியூரிட்டி வேலை செய்துவிட்டு வருகிறவர். மெத்தென்ற எதைக் கண்டாலும் உட்காருவார். உட்கார்ந்தால் தூங்குவார். ரோஸ்டேலில் ஒரு மாளிகையில் வெல்வெட் சோபாவில் வாயைத் திறந்தபடி தூங்கிய இவரை எழுப்பலாமா கூடாதா என்று தெரியாமல், அந்த ஏஜன்ட் பெண் குசுகுசுத்த குரலிலேயே வீட்டை எங்களுக்கு விளங்கப்படுத்தினார்.

ஞாயிறு பொழுதுபட அண்ணை போனை எடுப்பார். கொழும்பில் அப்போது திங்கள் விடிந்திருக்கும். மலரக்காவின் குரல் போனே தேவையில்லாத குரல். ரிசீவரைத் தாண்டிக் குசினிக்கு வந்து என் சட்டியில் விழும்.

"இண்டைக்குப் பாத்தது பெரிய வீடு மலர். ஏழு அறை. தோட்டத்துக்கை தண்ணி பீச்சுற தொட்டி."

"ஏழு அறையோ? ஆர் கூட்டுறது?"

ரோஸ்டேல் அன்றோடு சரி.

அடுத்தது கொலேஜ் ஸ்ட்ரீட்டில் இத்தாலிக்காரரின் பகுதி. வீட்டுக்காரக் கிழவர், ஏஜன்ட் சொல்லியும் கேளாமல், தன் வீட்டைத் தானே காட்டுவேன் என்று நின்றார். பின்வளவில் தக்காளி, திராட்சைப் பந்தல். நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனால் அங்கே முழுசாக இன்னொரு குசினி. மேல் குசினி விருந்தாளிகளுக்கு, கீழ்க் குசினி சமையலுக்கு என்று கிழவர் கையாலேயே விளங்கப்படுத்தினார். அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. "தங்கச்சி, மீன் பொரிச்சால் மணம் மேலை வராது!" என்றார். அவரும் கிழவரும் கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள். பொழுதுபட மலரக்காவின் தீர்ப்பு வந்தது: "ரெண்டு குசினி எண்டால் ரெண்டையும் நான்தானே கழுவவேணும்?"

டான்ஃபோர்த்தில் கிரேக்கரின் பகுதிக்குப் போனோம். தெருவெல்லாம் இறைச்சி சுடுகிற புகை. சைவக்காரியான மலரக்கா புகைக்கே சம்மதிக்கவில்லை. மீன் மட்டும் எந்தக் கணக்கில் சைவம் என்று நான் கேட்கவில்லை. ரொன்செஸ்வேல்ஸில் போலந்துக்காரரின் பகுதியில் கோயில் விட்டு வந்த சனம் தெருவை நிறைத்தது. அண்ணை டையைச் சரிசெய்துகொண்டு அவர்களுக்குள்ளே ஒருவராக நடந்தார். அங்கே வீடு நன்றாகத்தான் இருந்தது. தட்டுகள்தான் எனக்கு எட்டவில்லை. பீச்சஸ் பக்கத்தில் ஏரிக்கரையில் ஒரு வீடு. யன்னலைத் திறந்தால் கரை தெரியாத தண்ணீர்.

"கடல் மாதிரியே கிடக்கு மலர். அலையும் அடிக்குது."

"உப்பிருக்கோ?"

"இல்லை. நல்ல தண்ணி."

"உப்பில்லாத கடலைப் பாத்துக்கொண்டு நான் என்ன செய்யிறது?"

நாங்கள் சிரிப்போம். அண்ணையும் சிரிப்பார். போனை வைத்த பிறகு டையோடே மரக்கட்டைபோல உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்காது. தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன்.

கடைசியில் மலரக்காவுக்குப் பிடித்த வீடு கபேஜ்டவுனில் கிடைத்தது. அந்த ஒடுக்கமான தெருக்களில் முன்னொரு காலத்தில் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள் இருந்தார்களாம். முற்றத்தில் பூவுக்குப் பதிலாகக் கபேஜ், எங்கள் கோவா, நட்டதால்தான் அந்தப் பெயராம். செங்கல் வீடு, கூரான முகடு, வாசற்கதவுக்கு மேலே கலர்க் கண்ணாடி. வெயில் அதற்குள்ளால் வந்து மாடிப்படியில் சிவப்பும் நீலமுமாக விழுந்திருந்தது. தெருமுனையில் ஸ்ட்ரீட்கார் மணியடித்துக்கொண்டு தண்டவாளத்தில் போனது. அண்ணை படியில் கையை வைத்தார். கையும் சிவப்பாயிற்று. கனநேரம் கையை எடுக்கவில்லை.

"முன்வளவிலை கோவா நட்ட சனமோ? அப்ப எங்கடை ஆக்கள் மாதிரித்தான்," என்றார் அன்று போனில் மலரக்கா. "அந்தப் படியைத் திருப்பிச் சொல்லுங்கோ."

அண்ணை திருப்பிச் சொன்னார். அதற்குப் பிறகு வேறு வீடே கிடையாது. அந்த வீடு விற்கப்படாமல் கிடந்த ஞாயிறுகளில் எல்லாம் அங்கேதான் போனோம். ஏஜன்டுக்கு எங்கள் தேத்தண்ணியின் சீனி அளவுகூடத் தெரிந்துவிட்டது. இவருக்கென்று அங்கே ஒரு கதிரை இருந்தது.

கொழும்பில் மலரக்காவை விசா நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு முதல் ஞாயிறு அண்ணையின் கோட்டு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. நான் கேட்கவில்லை. கபேஜ்டவுன் வீட்டுக் குசினியில் நான் நின்றபோது, அவர் கோட்டின் உட்பக்கத்திலிருந்து ஒரு பால் பையையும் மற்றப் பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சட்டியையும் எடுத்தார்.

"அண்ணை! என்ன செய்யிறியள்?"

"சத்தம் போடாதேங்கோ தங்கச்சி. பால் காய்ச்சினால்தான் வீடு எங்கடை. வீடு எங்கடை எண்டால் அவ வந்துதானே ஆகவேணும்?"

ஆள் புதுமனை புகுகிறார். அதுவும் மற்றவனுடைய வீட்டில். அடுப்பு மின்சார அடுப்பு. அண்ணைக்கு அவசரம், முழுச் சூட்டில் விட்டார். பால் பொங்கினால் ஒரு பக்கமாக வழிவதுதான் சகுனம். இது நாலு பக்கமும் வழிந்தது. அடுப்புச் சுருளில் பால் கருகிப் புகை எழும்ப, வீட்டு அலாரம் ஊரைக் கூட்டியது. எங்கள் கட்டிடத்தில் கிழமைக்கொருதரம் அலாரம் அடிக்கும். அந்தப் பழக்கத்தில் இவர் கதிரையிலிருந்து பாய்ந்து, சப்பாத்தில்லாமல் வெறும் மேசோடு தெருமுனைவரை ஓடிப்போய் நின்று மேலே பதினோராம் மாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஏஜன்ட் ஓடிவந்தான். அண்ணை பால் வழிந்த அடுப்புக்கு முன்னால் கைகூப்பி நின்றார்.

"நோ பிரொப்ளம் சேர். பிளெஸிங். ஹவுஸ் பிளெஸிங்."

திட்டு விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவனோ அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினான். இத்தனை ஞாயிறு வந்து, கடைசியில் கடவுளையும் கூட்டிவந்த ஆள் வீட்டை வாங்காமல் விடுவானா என்று நினைத்திருக்க வேண்டும். பேனையைக் கழற்றி அண்ணையிடம் நீட்டினான். "மை வைஃப் கம்மிங். ஷீ சைன்," என்றார் அண்ணை. அடுப்பை நான் துடைத்தேன். இவர் திரும்பி வந்ததும் மிச்சப் பாலை மூன்று பேரும் குடித்தோம்.

நேர்முகம் முடிந்து மலரக்கா போன் எடுத்தார். அவர் அழுதுகொண்டு மெதுவாகக் கதைத்ததால் அன்று எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணை பிறகுதான் சொன்னார்.

விசா அதிகாரி கேட்டிருக்கிறான்: உன் கணவர் இருக்கிற வீடு எப்படி இருக்கும்? பாவம், மலரக்காவுக்குத் தெரிந்த வீடு ஒன்றுதானே. செங்கல், கலர்க் கண்ணாடி, சிவப்பு விழுகிற படி, தெருமுனையில் ஸ்ட்ரீட்கார் மணி என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். அந்த அதிகாரி ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவனாம். "உன் கணவரின் விலாசம் ஸ்காபுரோவில் பதினோராம் மாடி. அங்கே எங்கே ஸ்ட்ரீட்கார் ஓடுகிறது?" என்று கேட்டானாம்.

"சொந்தப் புருசன் எங்கை படுத்தெழும்புறான் எண்டு தெரியாத பெஞ்சாதியோ எண்டு கேட்டவனாம் தங்கச்சி. நாங்கள் உண்மையாக் கலியாணம் கட்டினதை அவன் நம்பேல்லையாம். இன்னொருதரம் கூப்பிட்டுக் கேப்பானாம். அதிலையும் பிழைச்சால் அவ்வளவுதான்."

அண்ணை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த ஞாயிறு கோட்டு வெளியே வரவில்லை. இரண்டு மணியாயிற்று. இவர் தூங்கவே இல்லை. "போய்க் கேளும்," என்று என்னை உந்தினார். நான் கதவைத் தட்டினேன்.

"அண்ணை, எங்கடை வீட்டை அவவுக்குக் காட்டினனீங்களோ?"

"ஒரு குடும்பத்தோடை இருக்கிறன், நல்ல சனம் எண்டு சொன்னனான்."

"அது காணாது. கோட்டைப் போடுங்கோ. இண்டைக்கு இஞ்சைதான் ஓப்பின் ஹவுஸ்."

இவர் கீழே கடைக்கு ஓடிப்போய் நீளமான போன் வயர் வாங்கி வந்தார். பொழுதுபட அண்ணை கோட்டும் டையுமாக, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வயர் சிக்காமல் இவர் பின்னால் பிடித்துக்கொண்டு போனார்.

"கீழ் வாசலிலை இருந்து தொடங்கிச் சொல்லுறன் மலர். லிஃப்ட் ரெண்டு. ஒண்டு எப்பவும் பழுது. மற்றது ஏழாம் மாடியிலை தானா நிக்கும். பயப்பிடாமல் கதவைக் கையாலை ஒருக்காத் தள்ளினால் திரும்ப ஏறும். ஓம், தள்ளவேணும். இப்ப எங்கடை மாடி. இடப்பக்கம் மூண்டாவது கதவு. உள்ளை வந்தவுடனை குசினி. அலுமாரிக் கதவு ஒண்டு தொங்குது. பைப்பை இடப்பக்கம் திருப்பி ஒருக்கால் தட்டினால்தான் தண்ணி வரும். தங்கச்சி, அந்தத் தட்டு..."

நான் எட்டிப் பிடித்தேன்.

"எட்டுது மலர்."

பல்கனியில் நின்று கீழே தெரிகிற கார் நிறுத்துமிடம், பஸ் தரிப்பிடம், தமிழில் போர்டு போட்ட கடைகள், எதிர்க் கட்டிடத்தில் காயப்போட்ட உடுப்புகள் எல்லாவற்றையும் சொன்னார். ஊரெல்லாம் பார்த்த மனிதர் டோர்செட் பார்க்கைப் பார்த்தது அன்றுதான். பிறகு அவருடைய அறை வாசலுக்கு வந்தார். அங்கே குரல் நின்றுவிட்டது.

"ஹலோ? ஹலோ? இருக்கிறியளோ?" என்று மலரக்காவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"இதுதான் மலர் என்ரை அறை. சின்னன். நிலத்திலை மெத்தை. சூட்கேசுக்கு மேலை விளக்கு. யன்னலைத் திறந்தால் மற்றக் கட்டிடத்தின்ரை சுவர். இதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

இவர் வயரைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எந்தப் பக்கம் படுக்கிறனீங்கள்?" என்று மலரக்கா கேட்டார்.

"யன்னல் பக்கம்."

"அப்ப மற்றப் பக்கம் எனக்குக் காணும்," என்றார் மலரக்கா. அதற்குப் பிறகுதான் குரல் உயர்ந்தது. "உதை விட்டிட்டு ஊரார் வீட்டையெல்லாம் இவ்வளவு நாளும் காட்டிக்கொண்டு திரிஞ்சியளே! உங்களுக்கு விசரோ?"

அண்ணை கதவு நிலையில் சாய்ந்து அழுதார். கோட்டின் தோள்கள் குலுங்கின. நானும் அழுதேன். இவர் வயரில் ஏதோ சிக்கல் எடுப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

இரண்டாம் நேர்முகத்தில் அதிகாரி அதே கேள்வியைக் கேட்டானாம். மலரக்கா லிஃப்டில் தொடங்கினாராம். ஏழாம் மாடிக் கதவைத் தள்ளுவதற்கு வந்தபோது அவன் சிரித்துவிட்டு, காணும், போதும் என்றானாம். காணாது என்று மலரக்கா பைப்புக்குப் போனாராம்.

விமான நிலையத்துக்கு மூன்று பேரும் போனோம். மலரக்கா தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். அண்ணை ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றார். நான் பார்த்தேன், இவர் பார்த்தார். மலரக்கா என்னைவிட அரைத் தலை உயரம். நகரம் முழுக்க நான் எட்டிப் பிடித்த தட்டெல்லாம் வீண்.

"அங்கை நிண்டு வளந்திட்டாபோலை," என்றார் அண்ணை. எத்தனை வருடமாக நினைத்து நினைத்து அவரைக் கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சின்னதாக்கி வைத்திருந்தாரோ.

மலரக்கா வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குப் போனார். பைப்பை இடப்பக்கம் திருப்பி ஒருதரம் தட்டித் தண்ணீர் பிடித்துக் குடித்தார். நான் ஒன்றும் காட்டவேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நாலு பேருமாகக் கபேஜ்டவுனுக்குப் போனோம். அந்த வீட்டை யாரோ வாங்கிப் புதுத் திரை போட்டிருந்தார்கள். மலரக்கா எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தார். அண்ணை அவர் முகத்தையே பார்த்தார். "நல்ல வீடு," என்றார் மலரக்கா. "பாவம், படி ஏறினால் முழங்கால் நோகும்." பிறகு சைனாரவுனில் பாவற்காயும் பயித்தங்காயும் வாங்கினோம். பையைத் தூக்கிக்கொண்டு, "வாங்கோ, வீட்டை போவம்," என்றார். அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் அவ்வளவு வீடுகளிலும் தேடித்திரிந்தது அந்த ஒரு சொல்லைத்தான் என்று எனக்கு அப்போது பட்டது.

அந்த அறையில் அவர்கள் இரண்டு பேரும் வருடக்கணக்காக இருந்தார்கள். குசினியில் எனக்கும் மலரக்காவுக்கும் இடி நெரிசல், சண்டை, சிரிப்பு. பிறகு ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் புது வீடுகள் எழும்பிய பக்கம் அண்ணைக்கு வேலையும் கிடைத்து, அங்கேயே வாடகைக்குப் போனார்கள். இப்போது போனில்தான் கதை. மலரக்காவின் குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் அது என் சட்டிவரைக்கும் வருவதில்லை.

அவர்கள் போன கையோடு அறை கேட்டு லிஃப்டடியில் மூன்று பேர் வந்துவிட்டார்கள். வாடகை எங்களுக்கும் தேவைதான். இவர் அறைக் கதவடியில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்து, அவர்களிடம், "அறையிலை ஆக்கள் இருக்கினம்," என்று சொன்னார்.